ஒன்பது ஒன்பதாய்த் திறந்த பூட்டு

அத்தியாயம் ஆறு

சதாசிவம் அண்ணன் பூட்டைப் பார்த்தார், கொட்டாவி விட்டார். மறுபடியும் பார்த்தார், மறுபடியும் விட்டார்.

"அண்ணே, பூட்டு திறக்கிறதுக்கு முன்னால உங்க வாய்தான் திறக்குது" என்றேன்.

"வாயை மூடுறதுக்கு உனக்கு ஒரு பூட்டு வாங்கணும்லா சீனி" என்றார், தலையைத் தூக்காமலே.

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வருவதற்குள் எங்கள் போர்டு வண்டி இரண்டு இடத்தில் மழையில் நின்றுவிட்டது. ஓட்டியவன் நான். இறங்கித் தள்ளியவனும் நானே. அண்ணன் பின்சீட்டில் முழங்காலைத் தடவிக்கொண்டு, இந்த வழக்கோடு தொழிலை விட்டுவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். போன வழக்குக்கும் இதையேதான் சொன்னார். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, ஊரார் பொய்யையெல்லாம் மூன்று மொழியில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த் துப்பறிய வந்த மனுஷர். வந்த பிறகுதான் கோர்ட்டே தேவலை என்று அவருக்குப் புரிந்தது.

பூட்டு போலீஸ் ஸ்டேஷன் மேசைமேல் கிடந்தது. சாவி கிடையாது. வரிசையாக ஆறு பித்தளை வளையங்கள். ஒவ்வொன்றிலும் சைபர் முதல் ஒன்பது வரை எண்கள். சரியான எண் சேர்ந்தால் திறக்கும். ஏழாங்கட்டைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் விஷ மருந்து அலமாரிக்குப் போட்டிருந்த பூட்டு அது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்துத் தொரை வழக்கம்போல் மருந்து அலமாரியைப் பார்வையிட வந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரஸர் கதிரவேலு திறந்து காட்டினார். உள்ளே, வலி தெரியாமல் தூங்கவைக்கும் மார்பியா புட்டியைக் காணோம். பூட்டில் கீறல்கூட இல்லை. எண் டிரஸர் ஒருவருக்குத்தான் தெரியும் என்றார்கள். ஆகவே மருந்தை வெளியே விற்றுவிட்டார் என்று டிரஸரை உள்ளே போட்டார்கள். நாளைக்கு மாஜிஸ்திரேட். அப்புறம் தைப்பிங் ஜெயில். டிரஸரின் மனைவி தவமணி நேற்று எங்கள் வாசலில் உட்கார்ந்து அழுத அழுகையில்தான் நாங்கள் இந்த மழையில் கிளம்பினோம்.

"திறந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சிருக்கோம்" என்றார் இன்ஸ்பெக்டர் பழனியப்பன். பாரிட் புந்தாரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மலாய் பேச ஆரம்பித்தால் அங்குள்ள மலாய் வயல்காரர்களே அவரைத் தங்கள் ஊர் ஆள் என்று நினைப்பார்கள். "ஆறு வளையமும் ஒம்பதுல நிக்குது பாருங்க. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நம்பராம். ஞாயித்துக்கிழமைக்கு இதாம். எல்லாம் மனுஷன் தலைக்குள்ள இருக்கு. அப்ப தலையைத்தானே உள்ள வெக்கணும்?"

"வேற ஏதாச்சும்?" என்று கேட்டார் அண்ணன்.

"தொரை முன்னால முதல்ல வேற ஏதோ நம்பர் வெச்சாராம். திறக்கல. வேர்த்துக் கொட்டிருச்சாம். அப்புறம்தான் ஒம்பது வெச்சுத் திறந்தாராம். குத்தமுள்ள கை நடுங்கத்தானே செய்யும்?"

அண்ணன் பூட்டை ஜன்னலோரம் கொண்டுபோய் விரலால் தடவினார்.

"சீனி, மூணையும் ஆறையும் சைபரையும் பாரு."

பார்த்தேன். ஆறு வளையத்திலும் அந்த மூன்று எண்கள் மட்டும் பச்சை பிடித்துக் கிடந்தன. மீதி ஏழும் விரல் பட்டுப் பட்டுப் பளபளத்தன.

"மூணு, ஆறு, சைபரு... இவங்க மூணு பேருக்கும் வேலையே இல்ல போல. கொடுத்து வெச்சவங்க" என்றேன்.

"ஒரு வளையத்துல மட்டும்னா சரி. ஆறு வளையத்துலயும் அதே ஏழு எண் தேஞ்சிருக்கு. ஏழு எண், ஏழு கிழமை." அண்ணன் இன்னொரு கொட்டாவி விட்டார். "வா, அந்தத் தலையைப் பார்ப்போம்."

கதிரவேலு யாழ்ப்பாணத்துக்காரர், வயசானவர். லாக்கப்பிலும் சட்டையின் மேல் பட்டன்வரை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுத வந்தவரைப் போல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் வழக்கைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"தோட்டத்துக்குப் போனியளோ? அப்பாவு எண்டு ஒருத்தன், காலில மரம் விழுந்தவன். நித்திரை கொள்ளுறானோ?"

"இன்னும் போகலைங்க" என்றேன். ஜெயிலுக்குப் போகப்போகிறவர் நோயாளியை விசாரிக்கிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது. என்னை உள்ளே போட்டிருந்தால் நான் முதலில் சாப்பாட்டைத்தான் விசாரித்திருப்பேன்.

அண்ணன் எண்ணைப் பற்றிக் கேட்டார். அவ்வளவுதான், மனுஷர் முகத்தில் விளக்கேற்றியதுபோல் ஆகிவிட்டது. கோப்பைத் தண்ணீரில் விரலை நனைத்துத் தரையில் எழுதினார்: 142857.

"ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்றைம்பத்தேழு. இதை ரெண்டால பெருக்குங்கோ."

நான் விரலை மடக்க ஆரம்பிப்பதற்குள் அவரே எழுதிவிட்டார்: 285714.

"வடிவாப் பாருங்கோ. அதே ஆறு பேர். வரிசையும் அதே வரிசை. வட்டமா நிண்டு இடம் மாறியிருக்கினம், அவ்வளவுதான். மூண்டால பெருக்கினால் 428571. நாலால 571428. அஞ்சால, ஆறால, எல்லாம் அப்பிடித்தான். ஆரும் வெளியில போகமாட்டினம், புது ஆள் ஒருத்தரும் உள்ள வரமாட்டினம்."

"ஏழால?" என்றார் அண்ணன்.

கிழவர் சிரித்தார். "ஏழால பெருக்கினால் வட்டம் உடைஞ்சுபோம். 999999."

தரையில் முதலில் எழுதியது காய்ந்துகொண்டிருந்தது. அவர் மறுபடியும் விரலை நனைத்து அதே எண்ணை எழுதினார். பிள்ளைக்குத் தலைவாரி விடுகிற மாதிரி அத்தனை அக்கறை.

"திங்களுக்கு ஒண்டால, செவ்வாய்க்கு ரெண்டால, இப்பிடிச் சனிக்கு ஆறால. ஞாயிறுக்கு ஏழால. பூட்டேக்க எந்த எண்ணை வைச்சுப் பூட்டிறமோ, பிறகு அந்த எண்ணிலதான் திறக்கும். அதனால ஒவ்வொரு நாளும் பூட்டேக்க அண்டைய நாளின்ர எண்ணை வைப்பன். எழுதி வைக்கத் தேவையில்லை. களவு போகாத எண் இது."

"போயிருச்சே" என்றேன். அண்ணன் என் காலை மிதித்தார்.

"சனிக்கிழமை எப்பப் பூட்டினீங்க?"

"பொழுதுபட முந்தி."

"அப்ப சனிக்கிழமை எண்ணுலதானே பூட்டியிருப்பீங்க? எட்டுல தொடங்கும், 857142. ஞாயித்துக்கிழமை காலையில அதுலதானே திறந்திருக்கணும்? அது திறக்காம ஒம்பதுல திறந்திருக்கு. ஏன்?"

முகத்து விளக்கு அணைந்துவிட்டது. கதிரவேலு தரையிலிருந்த எண்ணை உள்ளங்கையால் துடைத்தார்.

"எனக்குத் தெரியாது. இனி ஒண்டும் கேளாதேங்கோ. போயிட்டு வாங்கோ."

வெளியே வந்ததும் அண்ணன் வண்டியில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார். "அந்த ஆளுக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சும் ஜெயிலுக்குப் போகப் பார்க்கிறார். இந்த மாதிரி ஆளுங்களைக் காப்பாத்துறதுதான் சீனி பெரிய தொல்லை."

ஏழாங்கட்டைக்குப் போகும் வழியில் கடைத்தெருச் சுவரில் ஒரு நாடகக் கம்பெனி நோட்டீஸ் மழையில் ஊறித் தொங்கியது. 'சனிக்கிழமை இரவு, ஒரே ஒரு காட்சி.' தவறவிட்டுவிட்டோமே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை குழைந்து கிடந்தது. மழை நாளில் பால்வெட்டு இல்லாததால் தோட்டமே சும்மா இருந்தது.

ஆஸ்பத்திரி என்பது பலகைக் கொட்டகை; ஐந்து கட்டில். டிரஸர் இல்லாததால் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் செல்லாயி, அங்கே கூட்டித் துடைக்கும் ஆயா. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. எங்களைக் கண்டதும் கேட்காமலே கொப்பி கலக்கிக்கொண்டு வந்தாள்.

"டிரஸர் ஐயா விக்கிறவரு இல்ல" என்றாள். "யாரு கேட்டாலும் சொல்லுவேன். அவரு நல்லவருலா."

"அன்னிக்கு ராத்திரி இங்க யாரும்மா இருந்தாங்க?" என்று கேட்டார் அண்ணன்.

"மருந்து ரூம் பக்கம் யாருமில்லீங்க. ஞாயித்துக்கிழம ராத்திரி வாயாங் வந்துச்சுலா. கடைத்தெருவுல கூத்து. தோட்டமே அங்கதான். நானும் போனேன். ஆனா ஆட்டம் பாதியில இருக்கும்போதே, பத்து மணிக்கெல்லாம், காவக்கார ஜாகா இங்க வந்து வாசல்ல படுத்துட்டாரு. அவரு வந்தப்புறம் எலி நுழைஞ்சாலும் சத்தம் போடுவாரு."

"நல்ல கொப்பி" என்று நான் சொன்னேன். "இங்க அப்பாவுன்னு ஒருத்தர் இருக்காராமே? டிரஸர் ஐயா முதல் கேள்வியே அவரைப் பத்தித்தான் கேட்டாரு. தூங்குறாரான்னு."

அவள் கையில் இருந்த கோப்பை சாய்ந்து கொப்பி தரையில் கொட்டியது. துணி எடுக்கிறேன் என்று உள்ளே போனவள் நெடுநேரம் வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலோடு படுத்திருந்தவன் பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷத்தில் சொன்னான்: "அப்பாவு அவ புருஷன்லா, கால் அழுகிப்போச்சு. ஈப்போ கொண்டு போனாலும் பிழைக்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு. போன வாரம் லயத்துலேருந்து அவன் போட்ட அலறல்ல இங்க ஒருத்தனும் கண்ண மூடல. இப்பத்தான் அடங்கியிருக்கு."

அண்ணன் எழுந்து பின்வாசலுக்குப் போனார். அங்கே ஒரே கூச்சல். மழை விட்ட ஈரமண்ணில் ஆறு பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் குச்சியால் ஓர் எண் கீறியிருந்தது. நடுவில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருத்தி.

"இன்னிக்கு என்ன கெழம?" என்று கத்தினாள் நடுவில் நின்றவள்.

"புதன்!"

நாலில் நின்ற பயல் ஆரம்பித்தான். வட்டமாக ஒவ்வொருவராகச் சொன்னார்கள்: "நாலு! ரெண்டு! எட்டு! அஞ்சு! ஏழு! ஒண்ணு!"

"என்ன கெழம?"

"சனி!" எட்டில் நின்றவள் தொடங்கினாள். "எட்டு! அஞ்சு! ஏழு! ஒண்ணு! நாலு! ரெண்டு!"

"என்ன கெழம?"

"ஞாயிறு!" என்று ஒருத்தி கத்தினாள். உடனே ஆறு பேரும் "ஒம்பது! ஒம்பது!" என்று நாலா பக்கமும் சிதறி ஓடினார்கள். கண்ணைக் கட்டியிருந்தவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு சொல்லிக் கொடுத்தா இந்த விளையாட்டை?" என்று கேட்டேன்.

"டிரஸர் தாத்தா. புண்ணுல மருந்து போட்டா எரியும்லா? அழக்கூடாதுன்னு இத சொல்லச் சொல்லுவாரு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணே! களவு போகாத எண்ணாம்! இந்தத் தோட்டத்துல அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாத ஆளு தொரை ஒருத்தர்தான். வாங்க, பழனியப்பனைக் கூட்டிட்டு வந்து காட்டினாப் போதும். டிரஸர் வெளிய வந்துருவாரு. நாம வீட்டுக்குப் போலாம்."

அண்ணன் சிரிக்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த பால் வாளிமேல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"பூட்டைத் திறந்தது சனிக்கிழமை எண்ணுல. அது எல்லாருக்கும் தெரியும். ஆனா திரும்பப் பூட்டும்போது ஒம்பது வெச்சது யாரு? உனக்கு ஞாயித்துக்கிழமை எப்பப் பொறக்குது?"

"விடிஞ்சா."

"தொரைக்கு?"

"நடுராத்திரி, மணி அடிச்சா."

"நடுராத்திரிக்கு முன்னாலேயே ஜாகா வாசல்ல படுத்துட்டான். ஆக, பொழுது சாஞ்சதுக்கும் ஜாகா வந்ததுக்கும் நடுவுல ஒருத்தர் பூட்டியிருக்காங்க. அவங்களுக்கு அப்பவே ஞாயித்துக்கிழமை."

"பொழுது சாஞ்ச உடனே மறுநாள் பொறக்குறது மலாய்க்காரங்களுக்குத்தான். அவங்க ஞாயித்துக்கிழமை ராத்திரின்னா நமக்குச் சனிக்கிழமை ராத்திரி. ஆனா இங்க மலாய்க்காரங்க யாருமே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டேன்.

சுவரில் ஊறித் தொங்கிய நோட்டீஸ் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை இரவு, ஒரே ஒரு காட்சி. அதைத்தான் செல்லாயி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்றாள். வாயில் இருந்த கொப்பியின் ருசி கசந்துவிட்டது.

செல்லாயி துணியோடு வாசலில் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"நீ எந்த ஊர்ல வளர்ந்தம்மா?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"பாரிட் புந்தாருங்க. சின்னதுல அம்மா அப்பா காய்ச்சல்ல போயிட்டாங்க. வயல்காரங்க ஒரு மலாய்க் குடும்பம் எடுத்து வளத்துச்சு. கட்டிக் குடுத்ததும் அவங்கதான்." துணியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "மார்பியா கூலிக்காரனுக்குக் குடுக்கக்கூடாதுன்னு தொரை உத்தரவு. டிரஸர் ஐயா கால்ல விழுந்தேன். முடியாதுன்னுட்டு அவரும் அழுதாரு. அன்னிக்கு எல்லாரும் வாயாங் போனப்ப எடுத்தேன். தண்ணியில சொட்டு விட்டுக் குடுத்தேன். அன்னிக்குத்தான் அவரு தூங்குனாரு ஐயா."

"பூட்டு?"

"பொழுது சாஞ்சிருச்சேன்னு ஒம்பது வெச்சேன். எப்பவும்போல இருக்கட்டும், ஐயாவுக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு சரியாத்தான் வெச்சேன்." அப்போதும் அவளுக்குத் தன் தப்பு எது என்று புரியவில்லை. "அவருக்கு இன்னும் நாலு நாளோ அஞ்சு நாளோ. போனப்புறம் நானே வந்து சொல்லிடுறேன். அதுவரைக்கும் டிரஸர் ஐயா உள்ள இருக்கணுமேன்னுதான் நெஞ்சு அறுக்குது."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சீனி, வண்டியை எடு. பழனியப்பனைக் கூட்டிட்டு வா. டிரஸரையும் கையோட கொண்டு வரச் சொல்லு."

"அண்ணே, இவளை..."

"பிள்ளைங்க விளையாட்டைக் காட்டப்போறேன். வேற எதையும் நான் பார்க்கல. எனக்கு வயசாச்சு, கண்ணு சரியாத் தெரியறதில்ல."

அந்தி சாயும் நேரத்தில் எல்லாரும் பின்வாசலில் நின்றார்கள். பிள்ளைகள் போலீஸ்காரர்களைக் கண்டதும் இன்னும் உரக்கக் கத்தினார்கள். திங்களிலிருந்து சனிவரை சுற்றி, ஞாயிறுக்கு ஒன்பது ஒன்பது என்று சிதறி ஓடினார்கள். பழனியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கான்ஸ்டபிள்களும் சிரித்தார்கள். கதிரவேலு மட்டும் விலங்கிட்ட கையைப் பார்த்தபடி நின்றார்.

"ஊருக்கே தெரிஞ்ச நம்பரை வெச்சு ஒரு ஆளை எப்படி ஐயா உள்ள வெக்கிறது?" என்றார் அண்ணன்.

"அது சரி. திருடன் ஏன் ஒம்பதுல பூட்டினான்?"

"ஆறையும் ஒரே மாதிரி திருப்பினாப் போதும்லா சார். சோம்பேறித் திருடன்" என்றேன் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய் ஓர் உபகாரம் செய்தது.

பழனியப்பன் தலையாட்டினார். கிளம்பப் போனவர், கதவோரம் நின்றவளைப் பார்த்துச் சும்மா கேட்டார்: "ஏம்மா, நீ அன்னிக்கு எங்க இருந்த?"

"வாயாங்குக்குப் போனேன் சார். ஞாயித்..."

அண்ணன் இருமத் தொடங்கினார். அதையும் மீறி இன்னொரு குரல் எழுந்துவிட்டது.

"சனிக்கிழமை ராத்திரி!" கதிரவேலு கத்தினார். "சனிக்கிழமை ராத்திரி அவள் வாயாங் பாக்கப் போனவள். கூட்டத்துக்குள்ள நானும் கண்டனான். அவளை ஏன் கேக்கிறியள்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொரை முன்னால் சனிக்கிழமை எண் திறக்காமல், ஒன்பது திறந்த அந்த நிமிஷமே கிழவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவர் கை நடுங்கியது தனக்காக இல்லை.

பழனியப்பன் கிழவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பாரிட் புந்தாரில் பல வருஷம் இருந்தவர். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "விலங்கைக் கழட்டுங்க" என்றார். "யாரோ எடுத்துட்டான்னு எழுதி முடிச்சுருவோம். எனக்கும் அலுத்துப்போச்சு."

போலீஸ் வண்டி போனதும் கதிரவேலு நேராக அண்ணனிடம் வந்தார். நன்றி சொல்லவில்லை.

"என்ர எண்ணை ஊர் சிரிக்க வைச்சிட்டியள். நான் பேசாமல் ஜெயிலுக்குப் போயிருப்பன்" என்றார். பிறகு செல்லாயி பக்கம் திரும்பினார். "எத்தினை சொட்டுக் குடுத்தனி? கூடினால் மூச்சு நிண்டுபோம். மிச்சத்தை எடுத்துக்கொண்டு வா, நான் காட்டுறன்." சொல்லிவிட்டு லயத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

அவளும் பின்னாலேயே ஓடப் போனாள். அண்ணன் நிறுத்தினார்.

"இங்க பாரும்மா. உன் புருஷன் போனதும் எல்லாரும் கேப்பாங்க, என்னிக்குப் போனாருன்னு. பொழுது சாஞ்சப்புறம் போனா, மறுநாள் கிழமையைச் சொல்லிடாம, அழுகையிலயும் நீ கவனமாச் சொல்லணும். பழகிக்க. வாயாங் எப்ப வந்துச்சு?"

வளர்த்தவர்கள் கொடுத்த பேச்சை மறந்தாக வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"சனி... சனிக்கிழம ராத்திரி" என்றாள். கண்ணீர் மளமளவென்று வழிந்தது.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா."